சேலைத் தொட்டிலும் டயப்பர் கணக்கும்

1971இல் தமிழ்நாட்டில் ஒரு பெண் பெற்ற பிள்ளைகளின் சராசரி எண்ணிக்கை 3.9. 2020இல் அது 1.4. பிள்ளை வளர்ப்புச் செலவைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு எண்களையும் முதலில் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நான்கு பிள்ளைகள் இருந்த வீட்டில் மூத்தவனுக்குத் தைத்த சட்டை கடைக்குட்டிவரை வந்தது. கிழிந்தால் தைத்தார்கள், தைக்க முடியாமல் போனபின் அடுப்பங்கரையில் கரித்துணியானது. ஒரே பிள்ளை உள்ள வீட்டில் ஆறு மாதச் சட்டை ஏழாம் மாதமே பெட்டிக்குள் போகிறது. துணிக்கு இன்னும் பத்து வருட ஆயுள் இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ள வீட்டில் அடுத்த பிள்ளை இல்லை. பழைய சிக்கனம் மனிதர்களின் குணத்தால் மட்டும் வந்ததல்ல. அந்த வீட்டின் அமைப்பே அதைச் செய்ய வைத்தது.

பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவதற்கு ஒரு மாதம் முன்பே எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் பழைய வேட்டிகளை எடுத்துத் துவைத்துக் கிழிக்கத் தொடங்குவார்கள். புதுத்துணி ஆகாது. பலமுறை துவைத்து நூல் தளர்ந்த வேட்டிதான் பிள்ளையின் தோலுக்கு ஆகும், ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும். முழ அகலத்தில் கிழித்து, ஓரம் மடித்து, அடுக்கி வைப்பார்கள். சேலைத் தொட்டிலுக்கும் அதே விதிதான். ஆச்சியின் பழைய நூல்சேலை ஒன்று, உத்தரத்தில் ஒரு கயிறு, விரித்துப் பிடிக்க நடுவே ஒரு தொட்டில்கம்பு. காசு எதுவும் செலவில்லை. இன்று அடுக்குமாடி வீட்டின் கான்கிரீட் கூரையில் கொக்கி போட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். அதனால் இரும்புச் சட்டமும் ஸ்ப்ரிங்கும் வைத்த தொட்டில் வாங்குகிறார்கள். ஒரு வருடம் முடிந்ததும் அது பால்கனியில் துணி உலர்த்தும் சட்டமாகிவிடுகிறது. தொட்டிலைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். நடக்கத் தெரிந்த பிள்ளைகள் தொங்கும் சேலையில் முறுக்கி விளையாடி, கழுத்து இறுகி இறந்த சம்பவங்கள் உண்டு. பிள்ளை எழுந்து உட்காரத் தொடங்கியதும் தொட்டிலில் போடுவதை நிறுத்திவிட வேண்டும். தூங்காத நேரத்தில் சேலையைத் தூக்கி மேலே முடிந்து வைக்கவும் வேண்டும்.

டயப்பருக்கு வருகிறேன். ஒன்று 10 ரூபாய் என்றும் நாளைக்கு ஐந்து என்றும் வைத்துக்கொண்டால் மாதம் 1,500 ரூபாய். இரண்டரை வயதுவரை 45,000 ரூபாய். 2025 செப்டம்பரில் குழந்தை டயப்பருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததை எண்ணிப் பார்த்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறிவிடாது. ஆனால் பகலில் வீட்டில் துணி, இரவில் ஒன்று, வெளியே போகும் நாளில் ஒன்று என்று வைத்தால் மாதம் 400 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மொத்தத்தில் 33,000 ரூபாய் மிச்சம். பிள்ளையின் தொடைக்கும் காற்றுப் படும். சிவந்துபோன தோலுக்கு எந்தக் களிம்பையும்விட முதலில் வேண்டியது அரைமணி நேரக் காற்றுதான்.

அன்றைய வீடுகளில் ஈரத்துணியைக் குறைக்க இன்னொரு வழியும் இருந்தது. இன்று அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. காலையில் பிள்ளை கண்விழித்துப் பால் குடித்ததும் ஆச்சி தரையில் கால்நீட்டி உட்காருவாள். இரண்டு பாதங்களையும் சற்று விரித்து, அவற்றின் மேல் பிள்ளையைத் தன் முகம் பார்க்க உட்காரவைத்து, கைகளைப் பிடித்துக்கொண்டு ‘ஸ்ஸ்’ என்று மெல்லச் சத்தம் கொடுப்பாள். பிள்ளை ஆச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலையை முடிக்கும். தலை நின்றதுமே தொடங்கிவிடுவார்கள். தினமும் அதே நேரம், அதே சத்தம். ஒன்றரை வயதுக்குள் பல பிள்ளைகள் தாங்களே வந்து சொல்லும். எல்.கே.ஜி.க்கு டயப்பரோடு வரும் பிள்ளைகளைப் பற்றி இன்று ஆசிரியைகள் சொல்லும்போது எனக்கு அந்தப் பாதங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அதற்குக் காசு வேண்டாம், நேரம் வேண்டும். வேலைக்கு ஓடும் தாய்க்கு அந்த நேரம் கிடைப்பதில்லை என்பதும் உண்மை.

துணியைத் துவைத்தது யார் என்ற கேள்வியையும் இங்கேயே கேட்டுவிட வேண்டும். நாளைக்குப் பதினைந்து இருபது துணி. கிணற்றடியில் அலசி, வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, பிழிந்து, வெயில் இருக்கும்போதே கொடியில் போட வேண்டும். “ஏட்டி, வெயில் இறங்குது, வெரசாப் பிழிஞ்சு போடு” என்று ஆச்சி சொன்னால் ஓடியது வீட்டுப் பெண்பிள்ளை. ஐப்பசி அடைமழையில் துணி காயாமல் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்தியதும் அவள்தான். கடையில் வாங்காமல் மிச்சமான ஒவ்வொரு ரூபாய்க்கும் பின்னால் சம்பளம் இல்லாத ஒரு பெண்ணின் கை இருந்தது. இன்று டயப்பர் வாங்கும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்கிறவர்கள் அந்தக் கையைப் பார்த்ததில்லை.

பிள்ளை தேறுகிறதா என்று பார்க்க அன்று அரைஞாண் கயிறு இருந்தது. இடுப்பில் கட்டிய கறுப்புக் கயிறு இறுகினால் பிள்ளை வளர்கிறது என்று பொருள். முடிச்சை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுவார்கள். கயிறு தொளதொளவென்று கிடந்தால் ஆச்சிக்குத் தூக்கம் வராது. 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அந்தக் கவலையை எடைக்கருவியில் ஏற்றியது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையான பிள்ளைகளை மாதந்தோறும் தூக்குத் தராசில் நிறுத்தி, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார்கள். கோடு மேலே ஏறாத பிள்ளைக்கு மட்டும் சில மாதங்கள் சத்துருண்டை கொடுத்தார்கள், எடை கூடியதும் நிறுத்தினார்கள். எல்லோருக்கும் எல்லாவற்றையும் கொடுக்காமல், தேவைப்படும் பிள்ளைக்குத் தேவைப்படும் காலத்தில் கொடுப்பது என்ற அந்தக் கணக்கை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். இன்று கையில் கிடைக்கும் தாய்சேய் நல அட்டையிலும் அந்த வளைகோடு இருக்கிறது. பல வீடுகளில் தடுப்பூசிப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு அட்டையை மூடிவிடுகிறார்கள். “பக்கத்து வீட்டுப் பிள்ளை குண்டாக இருக்கிறதே” என்று ஆயிரம் ரூபாய்க்குச் சத்துப்பொடி டப்பா வாங்குவதற்கு முன் அந்தக் கோட்டைப் பார்த்தால் போதும். சொந்தப் பாதையில் மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு டப்பா வேண்டாம்.

அன்றைய வழக்கங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் இல்லை. 1971இல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 பேர் முதல் பிறந்தநாளுக்கு முன் இறந்தார்கள். 2020இல் 13 பேர். அந்த நூறு குழந்தைகளின் வித்தியாசத்தை மறந்துவிட்டுப் பழைய காலத்தை வாழ்த்த முடியாது. பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை வைத்தார்கள், தேன் தடவினார்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலுள்ள கிருமி வித்துகள் நரம்பை முடக்கும் நோயைத் தரலாம். குளிப்பாட்டியபின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டார்கள், வாயால் ஊதினார்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. மூடிய அறையில் சாம்பிராணிப் புகை போட்டார்கள், அது பிஞ்சு மூச்சுக்குழாய்க்கு ஆகாது. ஆனால் அதே குளியலில் நல்லதும் இருந்தது. நீட்டிய கால்களின் மேல் பிள்ளையைக் கிடத்தி, வீட்டுத் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் சூடேற்றித் தேய்த்துவிட்டு, தோல் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றினார்கள். அந்தத் தேய்ப்பு இன்றும் வேண்டும். அதற்கு விலையுயர்ந்த எண்ணெய்ப் புட்டி தேவையில்லை.

பாலூட்டுவதில் இழந்ததையும் பெற்றதையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியிருக்கிறது. எழுபதுகளில் கொழுகொழு குழந்தைப் படம் போட்ட பால்மாவு டப்பா வீட்டில் இருப்பது வசதியின் அடையாளம். தாய்ப்பால் இருந்தும் டப்பா வாங்கினார்கள். வசதி இல்லாதவர்கள் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கரைத்தார்கள். சரியாகக் கழுவாத புட்டி, கொதிக்காத தண்ணீர், பிறகு வயிற்றோட்டம். 1992இல் வந்த சட்டம் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விளம்பரப்படுத்துவதைத் தடை செய்தது. டப்பாவில் குழந்தைப் படம் போடக்கூடாது என்றும் சொன்னது. 2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அன்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பேருந்தில் கூட்டத்துக்கு நடுவே பால் கொடுத்த பெண்களுக்கு இப்படி ஒரு கதவு இருந்ததில்லை.

தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுக்க வேண்டி வந்தால் புட்டியும் ரப்பர் காம்பும் வாங்காதீர்கள் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கழுவுவதற்கு எளிதான கிண்ணமும் கரண்டியும் போதும். எங்கள் வீட்டில் வெள்ளியிலும் பித்தளையிலும் இருந்த பாலாடை, மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம், இன்று மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் எவர்சில்வர் வடிவில் இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்து சப்பத் தெரியாத பிள்ளைகளுக்கு அதில்தான் பால் புகட்டுகிறார்கள். பழையதில் இன்னும் உயிரோடு இருப்பவற்றுள் இது ஒன்று.

ஆறு மாதம் முடிந்தபின் கொடுக்கும் கூழைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைய வீட்டுக்கு இதில்தான் அதிக மிச்சம் இருக்கிறது. கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி இரவு ஊறவைப்பார்கள். மறுநாள் நீரை வடித்து வெள்ளைத்துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டால் ஒன்றரை நாளில் முளை எட்டிப் பார்க்கும். அதை நிழலில் உலர்த்தி, வாசம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, திரித்து, மெல்லிய துணியில் சலித்து டப்பாவில் வைப்பார்கள். முளைகட்டியதால் மாவுச்சத்து ஓரளவு உடைந்துவிடுகிறது. அதனால் கூழ் இறுகாது, அதே அளவு தண்ணீரில் கூடுதல் மாவு சேர்க்கலாம். சின்ன வயிற்றுக்குள் கூடுதல் சத்து போகும். இறக்கும்போது ஒரு சிறு கரண்டி நெய் சேர்க்கலாம். ஒரு வயதுவரை உப்பும், இரண்டு வயதுவரை சர்க்கரையும் வேண்டாம். ஆச்சி கருப்பட்டி போட்டாள் என்பதற்காக நாமும் போட வேண்டியதில்லை. 300 கிராம் கடைப்பெட்டியின் விலையில் நான்கைந்து கிலோ கேழ்வரகு வாங்கிவிடலாம். பெட்டியே வாங்கினாலும் பின்பக்கத்தில் சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்று படித்துவிட்டு வாங்குங்கள். அங்கன்வாடியில் ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குச் சத்துமாவுப் பொட்டலம் இலவசமாகக் கிடைக்கிறது. நடுத்தர வீடுகள் அதைக் கேட்கக் கூச்சப்படுவது எனக்கு வருத்தம். வரிப்பணத்தில் அரைத்த மாவு அது.

அன்று பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் தண்ணீரை நிறுத்தினார்கள். சில ஊர்களில் வயிற்றில் சூடு போட்டார்கள். 1971இல் ஆயிரத்துக்குக் கூடுதலாக இறந்த அந்த நூறு குழந்தைகளில் எத்தனையோ பேர் நீர் வற்றித்தான் போனார்கள். 1971இல் வங்கதேசப் போரின்போது பாங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. இரத்தநாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனதும் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர்களையே குவளையால் புகட்டச் சொன்னார். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. அந்த நீரின் வழிவந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஒரு லிட்டர் ஆறவைத்த குடிநீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதி பாதியாகக் கரைத்தால் அளவு கெட்டுவிடும். அந்தப் பொட்டலத்தில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அதே பெயரைப் பெரிதாக அச்சிட்டுப் பல மடங்கு சர்க்கரையோடு அட்டைப்பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்களுக்கு 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை மறுத்தது. விலை கூடியதுதான் நல்ல மருந்து என்று நம்பி அவற்றை வாங்கிக் கொடுத்த பெற்றோர் எத்தனை பேர்.

தடுப்பூசியிலும் அதே கதை. அம்மை குத்த வருபவரைக் கண்டு பிள்ளைகளை வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஒளித்துவைத்த ஊர்கள் உண்டு. இன்று எந்த ஊரிலும் கிராம சுகாதார செவிலியரைத் தெரியாத தாய் இல்லை. ரோட்டா வைரஸ் சொட்டுமருந்து 2017இலும் நிமோனியாவுக்கான நிமோகாக்கல் தடுப்பூசி 2021இலும் தமிழ்நாட்டு அரசு அட்டவணையில் சேர்ந்தன. நிமோகாக்கல் ஊசி தனியார் மருத்துவமனையில் ஒரு தவணைக்குச் சில ஆயிரம் ரூபாய். அரசு நிலையத்தில் அது இலவசம், குளிர்பதனத்தில் வைத்தே வருகிறது. புதன்கிழமை காலையில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க மனமிருந்தால், முதல் வருடச் செலவில் பெரிய பகுதி அப்படியே மிஞ்சும்.

நடைபழகுவது பற்றிச் சுருக்கமாக. ஊர்த் தச்சர் செய்த மூன்று சக்கர நடைவண்டியைப் பிள்ளை பின்னால் நின்று பிடித்துத் தள்ளும். விழுந்தால் எழும், கால் வலுக்கும். இன்றைய வாக்கரில் பிள்ளை நடுவே உட்கார்ந்து கால்விரலால் தரையை உந்துகிறது. படிக்கட்டில் உருண்ட விபத்துகளால் கனடா 2004இல் வாக்கர் விற்பனையையே தடை செய்தது. இரண்டில் ஒன்று வாங்குவதானால் நடைவண்டிதான். இரண்டும் வாங்காவிட்டாலும் பிள்ளை சுவரைப் பிடித்து நடந்துவிடும். விளையாட்டுக்கும் அப்படித்தான். அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்து அரக்கு ஏற்றிய மரச்சொப்பு ஒரு செட் வாங்கினால் அக்கா தங்கை மூன்று பேர் விளையாடித் தீர்த்தார்கள். அது இல்லாத வீட்டில் எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் போதுமாக இருந்தன, இன்றும் போதும். இரண்டு வயதுவரை கைப்பேசித் திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. சோறு ஊட்ட அதைக் காட்டுவதைவிட, கொஞ்சம் சிந்தினாலும் பரவாயில்லை என்று தட்டைப் பிள்ளையின் முன் வைப்பது மலிவு.

சிக்கனக் குறிப்புகளால் தீராத செலவு ஒன்று இருக்கிறது. அது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள் வயல்வரப்பு வேம்பின் கிளையில் தொட்டில் கட்டினார்கள். இடையிடையே வந்து பால் கொடுத்துவிட்டுப் போனார்கள். தொட்டிலை ஆட்டியது எட்டு வயது அக்கா. அவள் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டாள். என் அம்மாவின் தலைமுறையில் கையெழுத்துப் போடத் தெரியாத மூத்த அக்காமாரும், எட்டாவது படித்த தங்கைமாரும் ஒரே வீட்டில் இருந்தது இதனால்தான். அந்தச் செலவு எந்த வீட்டுக் கணக்கிலும் எழுதப்படவில்லை. இன்று அந்த எட்டு வயதுப் பெண் பள்ளியில் இருக்கிறாள், அரசுப் பள்ளியானால் காலை உணவும் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காருகிறாள். இந்த மாற்றத்துக்காக நான் எவ்வளவு டயப்பர் விலையையும் கொடுப்பேன்.

ஆனால் அவள் விட்டுப்போன இடத்தில் யார் நிற்பது? 2017 முதல் சட்டப்படி 26 வாரம் மகப்பேறு விடுப்பு. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் ஒரு வருடம். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 2006இல் 6,000 ரூபாயாக இருந்து, இன்று சத்துப்பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய். எல்லாம் நல்லவை. அங்கன்வாடி இரண்டு வயதில்தான் பிள்ளையை மையத்தில் உட்காரவைக்கும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்கிறது சட்டம். துணிக்கடையில் நின்று வேலை பார்ப்பவளுக்கும் வீட்டுவேலை செய்பவளுக்கும் அது எட்டவில்லை. ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில் ஒன்றரை வருடம் வெறுமையாகக் கிடக்கிறது. அதை நிரப்ப அம்பாசமுத்திரத்திலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் ஆச்சிமார் சென்னைக்கு ரயிலேறி, தெரியாத தெருவில், பேச்சுத்துணை இல்லாத பத்தாவது மாடியில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு வருகிறார்கள். தாத்தா ஊரில் தனியாகச் சோறு பொங்கிக்கொள்கிறார்.

சென்னையில் பெரும்பாக்கம் பக்கம் குடியிருக்கும் என் அண்ணன் மகள் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறாள். அதே அடுக்கில் இன்னும் இரண்டு வீட்டாரோடு பேசி, மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாவை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தியிருக்கிறார்கள். வாரம் ஒரு வீடு என்று முறை வைத்துப் பிள்ளைகள் போகிறார்கள், சம்பளம் மூன்றாகப் பிரிகிறது. “ஆயா காப்பகத்துக்குக் கொடுப்பதில் பாதிகூட ஆகவில்லை அத்தை, அதோடு பிள்ளை கண்ணெதிரே வளருது” என்றாள். அந்த அம்மாவுக்கு ஞாயிறும் இரண்டாம் சனியும் விடுமுறை, உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளப் பிடித்தம் கிடையாது என்று தொடக்கத்திலேயே பேசி எழுதிவைத்திருக்கிறார்கள். யாருக்காவது சளி, காய்ச்சல் என்றால் அந்தப் பிள்ளை அன்று தன் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதியிருக்கிறார்கள். கடைசியாக ஆளுக்கு 500 ரூபாய் போட்டு ஒரு நடைவண்டி வாங்கினார்கள். முதலில் தள்ளியது மூன்றாவது வீட்டுப் பிள்ளையாம்.